கேனியன்லேண்ட்ஸில் ஒரு பகல்: ஒளிப்படக் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நீளமானது ராயபுரத்துத் தம்பதியர் ஒன்றாக எழுதி அனுப்பியிருக்கும் கடிதம். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசிமேட்டுப் படகுகளைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருபவர். மனைவி கைப்பேசியில் மட்டும் எடுப்பவர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்லும் இவர்களை, அக்டோபர் நடுவில் மருமகன் மோவாப் என்னும் சிற்றூருக்குக் காரில் அழைத்துச் சென்று, ஒரு பகல் முழுவதும் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் படம் எடுக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். இருவரும் தத்தம் கேள்விகளைத் தனித்தனியே எழுதியிருப்பதால் நானும் அப்படியே பிரித்துப் பதில் தருகிறேன். இதே பொருளை ஒட்டி எண்ணூரிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கணவர்): வரைபடத்தைப் பார்த்தால் காட்சிமுனைகள் கணக்கின்றி இருக்கின்றன. எங்களுக்குக் கிடைப்பதோ ஒரு பகல். எல்லாவற்றையும் பார்த்துவிட எந்த வரிசையில் செல்ல வேண்டும்?

பதில்: ஐயா, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். திருப்பதிக்குப் போனால் வரும் வழியில் காளஹஸ்தியையும் திருத்தணியையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு வீடு திரும்புகிற வழக்கம் நமக்கு ஊறிப்போனது. தரிசனத்துக்கு அது பொருந்தலாம், படத்துக்குப் பொருந்தாது.

1964 செப்டம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கேனியன்லேண்ட்ஸின் பரப்பு 3,37,000 ஏக்கருக்கும் அதிகம். கிரீன் ஆறும் கொலராடோ ஆறும் பூங்காவுக்குள்ளேயே ஒன்றுகூடுகின்றன. இவ்விரண்டும் நிலத்தை வெட்டிப் பிரித்திருப்பதால் 'ஐலண்ட் இன் த ஸ்கை', 'நீடில்ஸ்', 'மேஸ்' ஆகிய பகுதிகளுக்கிடையே பூங்காவுக்குள் நேர்ச்சாலை கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல வெளியே வந்து மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். ஆகவே, ஒரு பகலுக்கு 'ஐலண்ட் இன் த ஸ்கை' போதும். அது இரு ஆறுகளுக்கும் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டுநிலம். மோவாபிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். உயரம் சுமார் 6,000 அடி, அதாவது ஏற்காட்டைவிட அதிகம், ஊட்டியைவிடக் குறைவு. அதன் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால் 1,200 அடிக்குக் கீழே 'ஒயிட் ரிம்' எனப்படும் வெண்பாறைத் திட்டு வளைந்து வளைந்து ஓடுவதும், அதற்கும் 1,000 அடி கீழே ஆறு தன் வழியை அறுத்துக்கொண்டு போவதும் தெரியும்.

இத்தனை ஆழமும் படத்தில் தெரிவது நிழல் விழும் நேரத்தில்தான். சூரியன் மேலே ஏறிவிட்டால் பாறைச்சுவர்களின் மடிப்புகளெல்லாம் ஒரே வெளிறிய நிறமாகத் தட்டையாகி, கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் படத்தில் காணாமல் போய்விடும். உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. மோவாப் 38 பாகை வட அட்சத்தில் இருப்பதால், அக்டோபர் நடுவில் உச்சிப்பொழுதிலும் சூரியன் அங்கே சுமார் 43 பாகைக்கு மேல் ஏறாது; அதே நாளில் ராயபுரத்தில் 68 பாகை வரை ஏறும். எனவே காசிமேட்டில் எட்டு மணியோடு முடிந்துபோகிற சாய்வெளிச்சம் அங்கே இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். சூரியன் சாய்வாக இறங்குவதால் மாலை அந்திச் செம்மையும் நம் ஊரைவிடக் கொஞ்சம் நீளும்.

இதை வைத்துக்கொண்டு பகலைப் பிரியுங்கள். அந்த மாத நடுவில் சூரியன் எழுவது காலை ஏழரை மணியளவில். ஆறு மணிக்கு முன்பே மோவாபிலிருந்து புறப்பட்டு மேசா ஆர்ச் என்னும் பாறை வளைவுக்குச் சென்றுவிடுங்கள். பிறகு பத்து மணி வரை அருகிலேயே இருங்கள். நடுப்பகலில் அப்ஹீவல் டோம் என்னும் பெரும்பள்ளத்தைப் பார்க்கலாம்; முதல் காட்சிமுனைக்குப் போய்வர சுமார் ஒரு கிலோமீட்டர் நடை, கொஞ்சம் ஏற்றம். அந்தக் கிண்ணத்தின் அடி வரை வெளிச்சம் இறங்குவதற்கு உயர்ந்த சூரியன்தான் வேண்டும் என்பதால், நடுப்பகல் உதவுகிற அரிய இடம் அது. விண்கல் விழுந்து உண்டானதா, அடியிலிருந்த உப்புப் படுகை மேலெழும்பி உண்டானதா என்று நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். பேரதிர்ச்சியால் உருமாறிய குவார்ட்ஸ் மணிகள் அங்கே கிடைத்த பிறகு விண்கல் பக்கமே வலுவாக நிற்கிறது. மாலை நான்கு மணிக்குச் சாலை முடிகிற கிராண்ட் வியூ பாயிண்ட், பிறகு அஸ்தமனத்துக்கு மேற்குப் பார்த்த கிரீன் ரிவர் ஓவர்லுக். இவ்வளவே. வழியில் வேறு முனைகள் தென்பட்டால் இறங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிடுங்கள்.

கேள்வி (மனைவி): அக்னி நட்சத்திரத்திலேயே மாடியில் வடாம் பிழிகிறவள் நான். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் தூக்க வேண்டும் என்று மகள் மிரட்டுகிறாள். அவ்வளவு தேவையா? சேலை கட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: மகள் சொல்வது சரி, அம்மா. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் என்பதே பூங்கா நிர்வாகம் கூறும் அளவு. நம் ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிகிறது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதுவே நினைவூட்டிவிடுகிறது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 25 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாத அந்த நிலத்தில் (சென்னையில் ஏறத்தாழ 140) வியர்வை தோலில் தென்படும் முன்பே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். தலைவலி வந்த பிறகுதான் தெரியும். குடிநீர் கிடைப்பது பார்வையாளர் மையத்தில் மட்டுமே. உணவகமோ பெட்ரோல் பங்க்கோ உள்ளே இல்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். புளியோதரையின் உப்பு வறண்ட காற்றில் உடம்புக்கு வேண்டியதுதான்.

ஆனால் நீங்கள் போகும் மாதத்தில் வெயிலைவிடக் குளிரே உங்களைச் சோதிக்கும். பிற்பகலில் இதமாக இருக்கும் அதே இடம் விடியலில் 5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கக்கூடும். மார்கழிப் பனிக்கே காதில் மப்ளர் சுற்றிக்கொள்ளும் சென்னைக்காரர்கள் இருட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்வெட்டர், குல்லாய், கையுறை மூன்றும் வேண்டும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

சேலையைப் பொறுத்தவரை, விளிம்புகளில் காற்று வீசும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. கால் தடுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நடக்கும்போது சல்வாரும் பிடிப்புள்ள ஷூவும் அணிந்துகொண்டு, சேலையில் ஒரு படம் வேண்டுமென்றால் சமதளப் பாதை போடப்பட்ட கிரீன் ரிவர் ஓவர்லுக்கில், விளிம்பிலிருந்து நன்கு தள்ளி நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கணவர்): மேசா ஆர்ச்சின் படங்களில் பாறை வளைவின் அடிப்பாகம் தணல் போலச் சிவந்து ஒளிர்கிறது. அது கணினியில் ஏற்றிய நிறம்தானே? என்னால் அப்படி எடுக்க முடியுமா?

பதில்: கணினியில் கூட்டியவர்கள் உண்டு, ஆனால் அடிப்படை நிறம் உண்மையானது. அந்த வளைவு செங்குத்தான பாறைச்சுவரின் மேல் விளிம்பிலேயே நிற்கிறது. சூரியன் எழுந்ததும் அதன் ஒளி கீழேயுள்ள செம்பாறைச் சுவரில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கிறது. பாறையிலுள்ள இரும்பு ஆக்சைடின் செம்மையையும் ஏந்திக்கொண்டு வருகிற அந்த இரண்டாம் வெளிச்சம்தான் வளைவின் அடியை நனைக்கிறது. நேர் வெயில் படாத பகுதி நேர் வெயில் பட்ட பகுதியைவிட அழகாக ஒளிர்வதற்கு இதுவே காரணம். கார் நிறுத்துமிடத்திலிருந்து போய்வர சுமார் ஒரு கிலோமீட்டர் நடைதான்.

எடுப்பதில் உள்ள சிக்கல்கள் இரண்டு. முதலாவது, வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், செம்மை மிகுந்துவிட்டதென்று எண்ணி கேமரா நீலத்தைக் கூட்டிவிடும். நீங்கள் விடியலில் எழுந்து வந்ததே அந்தச் செம்மைக்காக என்பது அதற்குத் தெரியாது. பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, வளைவின் நிழற்பகுதிக்கும் பின்னாலுள்ள வானத்துக்கும் வெளிச்ச வேறுபாடு மிக அதிகம். ஒன்றுக்கு அளவு வைத்தால் மற்றொன்று கெடும். ஒரே சட்டகத்தை இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) வெவ்வேறு வெளிச்ச அளவுள்ள மூன்று படங்களாக, கேமரா திருத்தாத ரா வடிவில் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் இணைப்பது பாதுகாப்பான வழி. சூரியன் வளைவின் ஓரத்தை உரசும் கணத்தில் லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கினால் கதிர்கள் விண்மீன் போல விரியும்.

புறப்படும் முன் இதை ராயபுரத்திலேயே பழகிவிடலாம். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக் கூடத்தின் உட்புறத்தில் நின்று, காலை வெயில் அடிக்கும் தெருவை வாசல் நிலை வழியாக எடுங்கள். நிலைக்கட்டையின் மரவரிகளும் தெருவில் நிற்கும் சைக்கிளும் ஒரே படத்தில் கெடாமல் வரும்வரை விடாதீர்கள். அது கைவந்தால் அங்கே தடுமாற மாட்டீர்கள்.

கூட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சூரியன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முக்காலிகள் தோளோடு தோள் நிற்கத் தொடங்கிவிடும். நடுவிடம் கிடைக்கவில்லையென்று முண்டியடிக்க வேண்டாம். முதல் கதிர் வந்து பத்து நிமிடங்களில் பலரும் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அடிப்பாகத்தின் ஒளிர்வு அதற்குப் பிறகும் நீடிக்கும். அப்போது ஓரத்திலிருந்து, வளைவின் வழியே கிழக்கே தெரியும் லா சால் மலைகளைச் சேர்த்து நிதானமாக எடுங்கள். வளைவின் மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏற வேண்டாம். அதற்கு அப்பால் தரை பல நூறு அடி கீழே இருக்கிறது.

கேள்வி (மனைவி): பெரிய மலையையும் பள்ளத்தையும் கைப்பேசியில் எடுத்தால் சின்னதாக, சப்பென்று வருகிறது. இவரோ பாறையை மட்டுமே எடுப்பார். ஊர் ஊராகப் போயும் நான் இருக்கும் படம் எங்கள் வீட்டில் மிகக் குறைவு. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: இரண்டுக்கும் ஒரே வழிதான், உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நம்பி விரிவாகவே எழுதுகிறேன்.

கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. அருகிலிருப்பதைப் பெரிதாக்கி, தொலைவிலிருப்பதை ஒடுக்கிவிடும். பள்ளத்தாக்கில் பார்க்க வேண்டியதெல்லாம் தொலைவிலேயே இருப்பதால் எல்லாமே சிறுத்துப்போகிறது. தவிர, பாறைக்கு அளவு என்பது கிடையாது. ஆயிரம் அடிச் சுவரும் பத்தடிச் சுவரும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், பக்கத்தில் மரமோ மனிதரோ இல்லாதவரை. ஆகவே நீங்கள் முப்பது நாற்பது அடி தள்ளி, விளிம்பை ஒட்டாத உறுதியான பாறைமேல் நிற்க, உங்கள் கணவர் பின்வாங்கிச் சென்று இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுக்கட்டும். முகம் தெரிய வேண்டும் என்று அருகே வரச் சொல்லாதீர்கள். சட்டகத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நீங்கள் இருந்தாலே பின்னாலுள்ள சுவர் தன் உண்மையான உயரத்தை அடைந்துவிடும். பாறையை மட்டும் எடுத்த படத்தைவிட இதுவே சிறந்த பாறைப் படம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நிறமும் உதவும். அரக்கு, செங்கல், காவி நிற ஆடைகள் அந்த நிலத்தில் கரைந்துவிடும்; மயில்நீலமோ எலுமிச்சை மஞ்சளோ தூரத்திலும் எடுபடும். கைப்பேசித் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றே இறக்கிக்கொண்டால் பாறையின் நிறம் வெளிறாது. அதே இடத்தில் அவரை நிற்க வைத்து நீங்களும் ஒன்று எடுங்கள். காலமெல்லாம் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவரின் படமும் வீட்டில் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி (கணவர்): நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு நாலடி இறங்கினால் தவறா? ட்ரோன் எடுத்துப் போகலாமா?

பதில்: ட்ரோன் கூடாது, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை.

பாதையை விட்டு இறங்கும் முன் கீழே என்ன இருக்கிறதென்று பாருங்கள். வெறும் பாறையிலும் ஓடை மணலிலும் கால் வைக்கலாம். செடிகளுக்கிடையே, கருத்து, பொருக்குத் தட்டி, சிறு சிறு கோபுரங்களாக எழும்பியிருக்கும் மண்ணைக் கண்டால் அங்கே கால் வைக்கக் கூடாது. நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பாசிப்பூண்டும் கூடி மண்துகள்களை நூலால் தைத்ததுபோல் பிணைத்து வைத்திருக்கும் உயிர்ப்படலம் அது. காற்றில் மண் பறக்காமல் காப்பதும், பெய்யும் சொற்ப மழையைப் பிடித்துவைப்பதும், மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்ப்பதும் அதன் வேலை; ஒரு காலடியில் நொறுங்குவது மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதைக் குனிந்து, பக்கவாட்டு வெயிலில் மிக நெருக்கத்தில் எடுத்துப் பாருங்கள். நடுப்பகலில் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, சுவர்களில் மாங்கனீசும் இரும்பும் படிந்து கருங்கோடுகளாக வழிந்திருப்பதையும் எடுக்கலாம். செஞ்சிக் கோட்டைச் சுவர்களில் நம்மவர்கள் அம்பு பாய்ந்த இதயத்தோடு பெயர் கீறி வைத்திருப்பதைப் போல அங்கே செய்தால் அபராதம் உண்டு என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி (எண்ணூர் வாசகர்): பாலைவனப் படங்களில் பல மைல் தூரத்து மலைகூடத் துல்லியமாக இருக்கிறது. எண்ணூரில் முகத்துவாரத்துக்கு அக்கரையிலுள்ள புகைபோக்கிகூட மங்கலாகவே வருகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: லென்ஸ் மீது பழி போடாதீர்கள். கடற்காற்றிலுள்ள உப்புத் துகள்களும் புகைத் துகள்களும் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடுகின்றன; அவை எல்லா நிற ஒளியையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெண்திரை விழுந்ததுபோல் தெரிகிறது. வறண்ட காற்றில் துகள்கள் குறைவு. அங்கே காற்று மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு வெண்மையாக மறையாமல் நீலமாக விலகுகிறது. 12,000 அடிக்கு மேல் உயர்ந்த லா சால் சிகரங்கள் மேசா ஆர்ச்சிலிருந்து அப்படித்தான் நீலத்தில் தெரிகின்றன.

எண்ணூரில் வடகிழக்குப் பருவமழை ஒருநாள் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். மற்ற நாட்களில் அந்த மங்கலோடு சண்டையிடாமல், சூரியனை எதிரில் வைத்து, முன்னால் படகு, அதற்குப் பின் அலையாத்தி மரங்கள், அதற்கும் பின் புகைபோக்கி என்று அடுக்கடுக்காக மங்கும் கருநிழல்களாக எடுத்தால், தெளிவான காற்றில் கிடைக்காத படம் கிடைக்கும்.

கேள்வி (பெரம்பூர் வாசகி): அமெரிக்கா போகிற வசதி எங்களுக்கு இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் விடுமுறையில் போய் எடுக்கும்படி இப்படி ஒரு இடம் நம் பக்கத்தில் உண்டா?

பதில்: உண்டு. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்கு அருகே உள்ள கண்டிகோட்டா. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துச் சென்றதால் உண்டான செங்குத்துப் பள்ளம் அது. ஆழம் சுமார் 300 அடிதான். கேனியன்லேண்ட்ஸோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் வயதில் மூத்தது: கடப்பாப் படுகையின் அந்தப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. அங்கே இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. பள்ளத்தின் கரையிலேயே கோட்டை. அதற்குள் மாதவராய சுவாமி கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம். மேலே ராயபுரத்து அம்மையாருக்குச் சொன்ன அளவுப் பிரச்சினையை மசூதியின் இரு கோபுரங்களே தீர்த்துவைத்துவிடும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். அப்படிப் போனால் சரியாக உச்சிவெயிலில்தான் பள்ளத்தின் முன் நிற்பீர்கள். கடப்பா வரை ரயிலிலும் பிறகு சாலையிலும் செல்லலாம். ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி அங்கேயே இருக்கிறது. முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து கோட்டையையும் கோயில்களையும் எடுத்துவிட்டு, மறுநாள் விடியலைப் பள்ளத்துக்கு ஒதுக்குங்கள். விளிம்பில் இங்கும் தடுப்பு எதுவும் இல்லை. பாறைகள் அடுக்கிவைத்த பெட்டிகள்போல் தனித்தனியாக நிற்பதால் இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் கடப்பா வெயில் 40 பாகையைத் தாண்டும். மழை ஓய்ந்து ஆற்றில் நீர் நிற்கிற மார்கழி, தை மாதங்களில் செல்லுங்கள்.